அந்த சாயங்காலம் அவளுக்கு வேணும்

கேள்வி: ஜவ்வாது மலையில எங்க ஊர்ல 5ஆம் வகுப்பு வரைக்கும்தான் ஸ்கூல். மக இந்த வருஷம் 5 முடிக்கிறா. கீழ கஸ்தூரிபா உண்டு உறைவிடப் பள்ளியில சேத்து விடுங்கன்னு டீச்சர் சொல்றாங்க. வயசுக்கு வரப்போற புள்ளைய ஹாஸ்டல்ல விட்டா ஊர் என்ன பேசும்னு மாமியார் கேக்குறாங்க. அவ போயிட்டா சின்னவன யாரு பாத்துக்குறது? பொம்பளப் புள்ளைய ஹாஸ்டல்ல விடுறதால அப்படி என்னதான் நன்மை? (நான் சொல்லச் சொல்ல டீச்சர் எழுதினது.)
பெயர் வேண்டாம், திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: தங்கச்சி, உங்க கடிதத்த ரெண்டு தடவ படிச்சேன். என்ன நன்மைன்னு கடைசி வரியில கேட்டிருக்கீங்க, ஆனா பதில அதுக்கு முந்தின வரியிலயே நீங்களே சொல்லிட்டீங்க. 'அவ போயிட்டா சின்னவன யாரு பாத்துக்குறது?' 10 வயசுப் புள்ள உங்க வீட்டுல ஒரு முழு ஆள் வேலைய பாத்துக்கிட்டு இருக்கா. உங்கள குத்தம் சொல்ல வரல, நீங்க சாமை அறுக்கப் போனா, ரெண்டு பேரும் எஸ்டேட் வேலைக்கு இறங்கிப் போனா வேற யாருதான் பாப்பாங்க, அது எனக்கும் புரியுது. ஆனா அந்த வேலையெல்லாம் எந்த நேரத்துல நடக்குதுன்னு ஒரே ஒரு நாள் கவனிச்சுப் பாருங்க. ஸ்கூல் விட்டு வந்ததும் தம்பிய இடுப்புல தூக்குறா, தண்ணி எடுக்குறா, சுள்ளி பொறுக்குறா, பாத்திரம் கழுவுறா, பாட்டிக்கு வெந்நீர் வெக்கிறா, கடைசியா புத்தகப் பைய திறக்கும்போது கண்ணு சொருகுது. ஹாஸ்டல்னால வர்ற பெரிய நன்மை, என்னைக் கேட்டா, அந்த சாயங்காலம் அவளுக்கே கிடைக்கிறதுதான். சாப்பாடு, யூனிஃபார்ம், புத்தகம் எல்லாம் அதுக்கு அப்புறம்.

நானும் ஹாஸ்டல்ல வளந்தவதான், 6ஆம் வகுப்புலேருந்து 10 வரைக்கும். காலையில 5 மணிக்கு பெல், பக்கெட்ட தூக்கிட்டு ஓடினா தொட்டிகிட்ட நமக்கு முன்னாடியே 20 பேரு நிப்பாங்க. சாயங்காலம் ஆறரைக்கு இன்னொரு பெல், அதுக்குப் பேரு ஸ்டடி. நீளமான ஹால், தரையில பாய், 3 டியூப் லைட்டு, அதுல ஒண்ணு எப்பவும் சிமிட்டிக்கிட்டே இருக்கும். எட்டரை வரைக்கும் யாரும் 'ஏய் எந்திரி, அத எடுத்துட்டு வா'ன்னு சொல்ல மாட்டாங்க. முதல் வாரம் அந்த ரெண்டு மணி நேரத்த என்ன பண்றதுன்னே எனக்குத் தெரியல, கை சும்மா இருக்கேன்னு ஒரு பயம், யாராவது கூப்பிடுவாங்கன்னு வாசலையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். அப்புறம் பக்கத்துப் பாயில இருந்த எட்டாவது அக்கா நோட்டுல கணக்கு போடுறத பாத்துப் பாத்தே எனக்கு பின்னம் புரிஞ்சுது. வீட்டுல இருந்தப்ப அதே நேரத்துல அண்ணன் படிச்சுக்கிட்டு இருப்பான், நான் அவனுக்கு சோறு போட்டுக்கிட்டு இருப்பேன்.

ஹாஸ்டல்னா எல்லாமே நல்லா இருக்கும்னு பொய் சொல்ல மாட்டேன். எங்களுக்கு இருந்த ஒரு வார்டன் வீட்டுலேருந்து வர்ற லெட்டர பிரிச்சுப் படிச்சுட்டுத்தான் குடுப்பாங்க, காய்ச்சல்னு சொன்னா நடிக்கிறேன்னு திட்டுவாங்க. முதல் மாசம் ராத்திரி முழுக்க அழுதேன். உங்க மகளும் அழுவா. உங்க பழைய சேலை ஒண்ணு அவ பெட்டியில வெச்சு அனுப்புங்க, போத்திக்கிட்டுத் தூங்க. போன்ல அழுகுறாளேன்னு அடுத்த பஸ்ஸுல போய் கூட்டிட்டு வந்துடாதீங்க, ஒரு மாசம் பொறுங்க. ஆனா 'அடிக்கிறாங்க', 'பயமா இருக்கு'ன்னு ஒரு வார்த்தை சொன்னா அன்னைக்கே போங்க, வீட்ட நெனச்சு அழுகுறது வேற, பயந்து அழுகுறது வேற, அம்மாவுக்கு அது குரல்லயே தெரியும்.

வயசுக்கு வர்ற விஷயத்துக்கு வர்றேன், மாமியாரோட பயம் அதுதான. நான் வயசுக்கு வந்தது ஹாஸ்டல்லதான், ஏழாவது அரைப்பரிட்சை நேரம். பாத்ரூம்ல தாப்பாள் போட்டுக்கிட்டு அழுதுக்கிட்டு இருந்தேன், பத்தாவது அக்கா ஒருத்தி கதவ தட்டி, தன்னோட பாவாடைய மேல வழியா தூக்கிப் போட்டா, அப்புறம் உள்ள வந்து துணிய எப்படி வெக்கணும், எப்படி துவைக்கணும், எங்க காயப் போடணும்னு ஒண்ணு விடாம சொல்லிக் குடுத்துட்டு, 'எல்லாருக்கும் வர்றதுதான், எந்திரி'ன்னு தோள்ல கை போட்டு கூட்டிட்டுப் போனா. மூணாவது நாள் கணக்குப் பரிட்சை எழுதினேன். ஊர்ல இருந்திருந்தா ஓலைக்குடிசையில தனியா உக்கார வெச்சிருப்பாங்க, பரிட்சை போயிருக்கும், அதோட படிப்பும் போன பொண்ணுங்க எங்க தெருவுலயே இருந்தாங்க. இப்போ அரசாங்கமே புதுயுகம் திட்டத்துல வளர்ற பொண்ணுங்களுக்கு நாப்கின் இலவசமா குடுக்குது. சடங்கு பண்ணணும்னு ஆசையா இருந்தா லீவுல வரும்போது பண்ணுங்க, ஸ்கூல் நாள்ல வேண்டாம்.

ஊர் பேசும்னு சொல்றாங்களே, பேசத்தான் செய்யும், 200 வருஷமா பேசிக்கிட்டுத்தான் இருக்கு. யாழ்ப்பாணத்துல உடுவில்ல 1824ல பொண்ணுங்களுக்குன்னு ஒரு உறைவிடப் பள்ளி ஆரம்பிச்சாங்க அமெரிக்க மிஷன்காரங்க, ஆசியாவுலயே ரொம்பப் பழைய பெண்கள் உறைவிடப் பள்ளிகள்ல அது ஒண்ணு, இன்னைக்கும் நடக்குது. பொண்ணுங்கள அனுப்ப வீடுகள் அவ்வளவு யோசிச்சதால படிப்ப முடிச்சவங்களுக்கு சீதனம் கூட குடுத்தாங்க ஆரம்பத்துல. அங்க எலைசா அக்னியூன்னு ஒரு அம்மா 40 வருஷம் இருந்தாங்க, ஆயிரம் மகள்களுக்குத் தாய்னு அவங்களுக்குப் பேரு. சென்னையில சகோதரி சுப்புலட்சுமி, சின்ன வயசுலயே கல்யாணம் ஆகி விதவையானவங்க, பி.ஏ. முடிச்சுட்டு 1912ல தன்னை மாதிரியே விதவையான சின்னப் பொண்ணுங்கள தங்க வெச்சு படிக்க வெக்க ஆரம்பிச்சாங்க. மெரினாவுல இருக்கே ஐஸ் ஹவுஸ், அந்தக் கட்டிடம் பல வருஷம் அந்தப் பொண்ணுங்களோட ஹாஸ்டல். வீட்டுல மூலையில உக்காருன்னு சொன்ன பொண்ணுங்க அங்கேருந்து டீச்சரா வெளிய வந்தாங்க. பேசின ஊர்ல யாரு பேரும் இன்னைக்கு யாருக்கும் ஞாபகம் இல்ல. இத மாமியார்கிட்ட அப்படியே சொல்லுங்க.

டீச்சர் சொன்ன கஸ்தூரிபா பள்ளி உங்கள மாதிரி ஊருக்குன்னே வந்தது. 2004ல மத்திய அரசு ஆரம்பிச்ச திட்டம், பெண் படிப்புல பின்தங்கின ஒன்றியங்களாப் பாத்து 6லேருந்து 8 வரைக்கும் பொண்ணுங்க தங்கிப் படிக்க. 100 இடம்னா 75 இடம் எஸ்சி, எஸ்டி, ஓபிசி, சிறுபான்மை பொண்ணுங்களுக்கு, மிச்சம் 25 வறுமைக்கோட்டுக்குக் கீழ இருக்குற வீட்டுப் பொண்ணுங்களுக்கு. 2018லேருந்து 12 வரைக்கும் கொண்டுபோகவும் வழி பண்ணியிருக்காங்க, உங்க பள்ளியில எந்த வகுப்பு வரைக்கும் இருக்குன்னு கேட்டுக்கோங்க. தங்குறது, சாப்பாடு, படிப்பு எதுக்கும் காசு கிடையாது, யாராவது கேட்டா குடுக்காதீங்க. ஏன் தங்குற பள்ளி, பக்கத்துல ஒரு ஸ்கூல் கட்டினா போதாதான்னு சிலர் கேப்பாங்க. நீங்க வேலைக்கு இறங்கிப் போற மாசங்கள்ல உங்க மக எங்க இருப்பா? உங்க கூட வருவா, இல்ல பாட்டிகூட இருந்து தம்பிய பாப்பா. மூணு மாசம் கழிச்சு திரும்பி வந்து வகுப்புல உக்காந்தா ஒண்ணும் புரியாது, அப்புறம் போக மாட்டா. நீங்க எங்க போனாலும் அவ படிப்பு அவ இடத்துல இருக்கணும்னுதான் தங்குற பள்ளி.

படிப்ப நிறுத்தினா அடுத்து என்ன நடக்கும்னும் உங்களுக்குத் தெரியும், 13, 14 வயசுல பொண்ணு கேட்டு வருவாங்க. 18க்கு முன்னாடி கல்யாணம் பண்ணக் கூடாதுன்னு 2006 சட்டம் சொல்லுது, ஆனா வீட்டுல சும்மா இருக்குற பொண்ணுக்கு சட்டம் தூரத்துல இருக்கு. ஹாஸ்டல்ல இருக்குற பொண்ண வந்து கேக்குறவன் ரெண்டு தடவ யோசிப்பான். அரசுப் பள்ளியில 6லேருந்து 12 வரைக்கும் படிச்சுட்டு காலேஜ் போனா புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபாய் அவ பேர்லயே பேங்குக்கு வரும், இத வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க.

சேக்குறதுக்கு முன்னாடி ஒரு நாள் நீங்க நேர்ல போங்க, ஆபீஸ் ரூமோட திரும்பாதீங்க. கக்கூஸ் கதவுக்கு தாப்பாள் இருக்கா, ராத்திரி அங்க போற வழியில லைட்டு எரியுதா, வார்டன் அங்கயே தங்குறாங்களா, எந்த நாள்ல போன் பண்ணலாம், இதெல்லாம் பாத்துக் கேளுங்க. அங்க இருக்குற ஒரு சின்னப் புள்ளகிட்ட நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டன்னு கேளுங்க, உண்மை அப்போ தெரியும். புள்ளைங்க ஆபத்துன்னா உதவிக்குக் கூப்பிடுற 1098ங்கிற நம்பர மகளுக்கு மனப்பாடம் பண்ண வெச்சு அனுப்புங்க. எஸ்டி சான்றிதழ் வருவாய் கோட்டாட்சியர் (ஆர்டிஓ) ஆபீஸ்லேருந்து வர நாளாகும், இப்பவே விண்ணப்பம் போடுங்க. டிசி வரலன்னு பள்ளியில சேர்க்கைய தள்ளிப் போடக் கூடாதுன்னு 2009 கல்வி உரிமைச் சட்டத்துலயே இருக்கு.

சின்னவனுக்கு என்ன வயசுன்னு எழுதல. 2 வயசு தாண்டியிருந்தா அங்கன்வாடியில விடுங்க, சத்துமாவும் மதியச் சாப்பாடும் கிடைக்கும். சாயங்காலம் அவன தூக்கி வெச்சுக்க அவனோட அப்பா இருக்காரு, பாட்டி இருக்காங்க. உங்களுக்காகக் கடிதம் எழுதின டீச்சரையே இந்தப் பதிலையும் சத்தமா படிக்கச் சொல்லுங்க, படிக்கும்போது மாமியார் பக்கத்துல இருக்கட்டும், மகளும் இருக்கட்டும், அவளுக்கு இதுல என்ன விருப்பம்னு இன்னும் யாரும் கேட்ட மாதிரி தெரியல.