‘அகடெமிக்’: டர்பனுக்கு வரும் தம்பிக்கு

தம்பி, தென்னாப்பிரிக்காவுக்கு, இந்த டர்பனுக்கு, மேற்படிப்புக்கு வருவதாகவும், நாலு விஷயம் தெரிய வேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள்: ‘அகடெமிக்’ (academic) என்ற ஆங்கிலச் சொல்லை அன்றாடப் பேச்சில் பிழையில்லாமல் எப்படிப் போடுவது, வாடகை எவ்வளவு, மசாலா கிடைக்குமா, தமிழ் பேச ஆள் உண்டா. பின்னால் உள்ள மூன்றும் வந்து இறங்கிய முதல் வாரத்திலேயே தானாகத் தெரிந்துவிடும். மசாலாவுக்கு விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட், அவ்வளவுதான். உருப்படியான கேள்வி முதல் கேள்வி. அதைக் கேட்க வெட்கப்பட்டு, பத்து வருஷம் ஆன பிறகும் ‘மை அகடெமிக்ஸ் இஸ் குட்’ என்று எழுதிக்கொண்டிருக்கும் நம்மாட்கள் இங்கே ஏராளம்.

முதலில் உச்சரிப்பு. மியூசிக் அகாடமி என்று பழகிய நாக்கு ‘அகாடமிக்’ என்றுதான் போகும். நாலு அசை: அ-க-டெ-மிக். அழுத்தம் மூன்றாவதான ‘டெ’யில் விழ வேண்டும்; அதற்கு முன்னால் வரும் ‘க’வைப் பாதி விழுங்கிவிடலாம். ‘அகாடமி’யில் அழுத்தம் இரண்டாவது அசையில் இருக்கிறது, கடைசியில் ‘இக்’ ஒட்டியதும் அது ஒரு படி பின்னால் நகர்கிறது. எகானமி, எகனாமிக் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பாருங்கள், கணக்கு பிடிபடும். உயிரெழுத்தில் தொடங்குவதால் முன்னால் ‘எ’ வராது: ‘ஆன் அகடெமிக் இயர்’. அந்த இயரும் நம்மூர் மாதிரி ஜூனில் தொடங்காது. பள்ளிகளுக்கு ஜனவரி, பல்கலைக்கழகங்களுக்குப் பிப்ரவரி வாக்கில் தொடக்கம். ஆண்டுக் கடைசியோடு முடிந்துவிடும். ‘லாஸ்ட் அகடெமிக் இயர்’ என்று மட்டும் எழுதினால் எந்த வருஷம் என்று குழப்பம் வரும், ஆண்டையும் சேர்த்தே எழுதுங்கள்.

அடுத்தது அந்த ‘அகடெமிக்ஸ்’. ஊரில் அதற்குப் படிப்பு, மதிப்பெண் என்று பொருள். இங்கேயும் பள்ளி விளம்பரத்தில் ‘ஸ்போர்ட் அண்ட் அகடெமிக்ஸ்’ என்று போட்டிருந்தால் படிப்புதான். பல்கலைக்கழக வாசலைத் தாண்டிவிட்டால் அது ஆட்கள்: பாடம் நடத்தி ஆய்வு செய்கிறவர் ‘ஆன் அகடெமிக்’, பலர் சேர்ந்தால் ‘அகடெமிக்ஸ்’. ‘மை அகடெமிக்ஸ் ஆர் எக்ஸலென்ட்’ என்று விண்ணப்பத்தில் எழுதினால், இவர் கைவசம் நாலைந்து பேராசிரியர்களை வைத்திருக்கிறாரோ என்று தோன்றும். ‘ஐ டிட் வெல் அகடெமிக்கலி’ என்று எழுதுங்கள், எங்கேயும் செல்லும். பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியர் ‘ஹீ இஸ் நாட் வெரி அகடெமிக்’ என்றால் பையன் மக்கு என்று திட்டவில்லை. ஏட்டுப் படிப்பில் நாட்டமில்லை, வேறு வழி பாருங்கள் என்று நாசூக்காகச் சொல்கிறார். இதற்குச் சண்டைக்குப் போகும் அப்பாக்கள் உண்டு.

நம்மவர்கள் அதிகம் சறுக்குவது இன்னொரு பொருளில். ‘தட்ஸ் அகடெமிக் நவ்’ என்றால் இனி அதைப் பேசிப் பயனில்லை என்று அர்த்தம். வீட்டு கீசர் வெடித்துத் தண்ணீர் கூரை வழியாகக் கொட்டுகிறது. போன கரண்ட் எத்தனை மணிக்கு வரும் என்று ஒருவர் கேட்கிறார். ‘அகடெமிக்’ என்று மற்றவர் பதில் சொல்வார், கரண்ட் வந்தாலும் வெந்நீர் வராது என்ற கணக்கில். இங்கே கிங்ஸ்மீட் மைதானத்தில் கிரிக்கெட் ஆட்டம் மழையில் கழுவிப் போன பிறகு டாஸ் ஜெயித்தவர் என்ன எடுத்திருக்க வேண்டும் என்ற வாதமும் இந்த ரகம். ஆகவே வேலைக் கூட்டத்தில் உங்கள் யோசனையைக் கேட்டுவிட்டு ‘பிட் அகடெமிக்’ என்று மேலதிகாரி சொன்னால் தேங்க்யூ சொல்லாதீர்கள். நடைமுறைக்கு ஆகாது என்கிறார்.

‘அகடெமிக் ஹாஸ்பிடல்’ என்ற பலகையைப் பார்த்து மாணவர்களுக்கான ஆஸ்பத்திரி என்று திரும்பி வந்துவிட வேண்டாம். மருத்துவப் படிப்பும் நடக்கும் அரசு மருத்துவமனைக்கு இந்த நாட்டில் அதுதான் பெயர். ஜோஹன்னஸ்பர்க் சொவேட்டோவில் உள்ள கிறிஸ் ஹானி பாரக்வானாத் அப்படிப்பட்டதுதான். நம்மூர்க் கணக்கில் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி.

இனி காகிதம். ‘அகடெமிக் ரெக்கார்ட்’ கேட்டால் பட்டச் சான்றிதழை மட்டும் அனுப்பாதீர்கள், திரும்பி வரும். எல்லா செமஸ்டரும், தேறாத பேப்பர் உட்பட, பாடவாரியாக உள்ள மதிப்பெண் பட்டியல் வேண்டும். நகலில் அத்தாட்சி முத்திரை போலீஸ் ஸ்டேஷனில் இலவசமாகவே கிடைக்கும். அசலையும் கையில் கொண்டு போங்கள், ஒப்பிட்டுப் பார்த்துத்தான் முத்திரை குத்துவார்கள். மூன்று மாதத்துக்கு மேற்பட்ட முத்திரையைப் பல இடங்களில் ஏற்பதில்லை, அதனால் மொத்தமாக இருபது நகல் போட்டு அடுக்கி வைப்பது வீண் வேலை. வெளிநாட்டுப் பட்டத்தை இங்கே மதிப்பிட்டுத் தருவது ‘சாக்கா’ என்ற அரசு அமைப்பு. அதைக் கடைசி நேரத்துக்குத் தள்ளாதீர்கள்.

‘அகடெமிக் எக்ஸ்க்ளூஷன்’ என்று தலைப்பிட்ட கடிதம் வந்தால் அன்றைக்கே உட்கார்ந்து படியுங்கள். மதிப்பெண் போதாது என்று வெளியேற்றுகிறார்கள் என்று பொருள். ‘ஃபைனான்ஷியல் எக்ஸ்க்ளூஷன்’ வேறு, அது கட்டணப் பாக்கி. ஒன்றுக்கு மேல்முறையீடு, மற்றதற்குப் பணம். இதைக் குழப்பிக்கொண்டு, பாடத்தில் தவறியதற்குக் கட்டண அலுவலக வரிசையில் நிற்கிறவர்களும் உண்டு, அதற்குள் மேல்முறையீட்டுத் தேதி போய்விடும். கடிதத்தில் கெடு தேதி இருக்கும். உடம்பு சரியில்லாமல் போயிருந்தால் அப்போதே வாங்கிய டாக்டர் சான்றிதழ் வேண்டும், பின்னால் எழுதி வாங்கியது எடுபடாது.

‘லேர்னட்’ என்ற சொல்லையும் கேட்பீர்கள். கற்றறிந்தவர் என்றால் இரண்டு அசை, லேர்-னட். கோர்ட்டில் வக்கீல்கள் ஒருவரையொருவர் அப்படித்தான் அழைத்துக்கொள்வார்கள். பள்ளிப் பிள்ளை ‘லேர்னர்’. ஸ்டூடன்ட் என்பது பெரும்பாலும் கல்லூரிக்குப் போன பிறகுதான்.

தமிழ் ஆள் பற்றி ஒரு வார்த்தை. 1860-ல் ‘ட்ரூரோ’ கப்பல் மெட்ராஸிலிருந்து முதல் கரும்புத் தோட்டக் கூலிகளைக் கொண்டுவந்து இறக்கிய ஊர் இது. முதலியார் ‘மூட்லி’ ஆகி ஐந்தாறு தலைமுறை ஆயிற்று. வீட்டு மொழி ஆங்கிலம். இவர்களைப் பார்த்து ‘தமிழ் தெரியாத தமிழர்’ என்று சிரிக்கும் புதுசுகளைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். காவடி எடுக்கும் கூட்டத்தை ஒரு தைப்பூசத்தில் வந்து பார்த்துவிட்டுச் சிரிக்கட்டும்.

‘அகடெமிக் ஃப்ரீடம்’, அதாவது கல்விச் சுதந்திரம், என்ற சொல்லை இவர்களில் வயதானவர்கள் வெறும் சொற்பொழிவுத் தலைப்பாகச் சொல்வதில்லை. நிறவெறி ஆட்சியில் 1959-ல் வந்த சட்டம் பல்கலைக்கழகங்களை நிறவாரியாகப் பிரித்தது. இந்தியர்களுக்கான கல்லூரி 1961-ல் டர்பன் துறைமுகத்துக்குள்ளே, சாலிஸ்பரி தீவில் கடற்படை விட்டுப்போன கட்டிடங்களில் தொடங்கியது. பிள்ளைகள் படகேறி வகுப்புக்குப் போனார்கள். பிறகு அது வெஸ்ட்வில் மேட்டுக்கு மாறி, 2004-ல் நேட்டால் பல்கலைக்கழகத்தோடு இணைந்து இப்போதைய க்வாஸுலு-நேட்டால் ஆயிற்று. பக்கத்து வீட்டுப் பெரியவர் யாராவது ‘ஐலண்டில் படித்தேன்’ என்றால், மொரீஷியஸா அங்கிள் என்று கேட்டுவிடாதீர்கள்.