அம்பாறைக் காடுகளில் சின்னஞ்சிறு மறிமான் உண்டா? இரவில் வீதி கடக்கும் முயல் அளவு மான் எது?

மறிமான் (antelope) இனம் எதுவும் இலங்கைக் காடுகளில் இல்லை. நீங்கள் கண்டது பெரும்பாலும் சருகுமான். உக்குளான் என்றும் சொல்வார்கள். மான் என்று பெயர்தான், உண்மையில் மான் குடும்பமும் இல்லை. கொம்பு முளைக்காது, கிடாவுக்கு மேல்தாடையில் இரண்டு கோரைப்பற்கள் நீண்டிருக்கும். அசைபோடும், ஆனால் இரைப்பையின் மூன்றாம் அறை மாட்டுக்குப்போல வளர்ந்திருக்காது. எடை ஏறத்தாழ 2 கிலோ, தோள் உயரம் ஒரு அடிக்கும் குறைவு. அம்பாறை போன்ற உலர்வலயத்தில் வாழும் சருகுமானை 2005இல்தான் தனி இனமாக இந்திய இனத்திலிருந்து பிரித்தார்கள்.

கல்லோயா, லகுகல பக்கத்துக் காடுகளில் தேடுவதானால் நீருக்கு அருகே அடர்ந்த பற்றைகளைப் பாருங்கள். பகலில் மரப்பொந்திலோ கற்பாறை இடுக்கிலோ ஒடுங்கிக் கிடக்கும். பொழுதுபட்டதும் தனியாக வெளியே வந்து உதிர்ந்த பழம், தளிர் மேயும். பாலைப்பழம் விழும் காலத்தில் அந்த மரத்தடி நல்ல இடம். ஈரமண்ணில் கூரான இரட்டைக் குளம்படி, விரல்நகம் அளவில் பதிந்திருக்கும். முயலுக்குக் குளம்பு கிடையாது, அதனால் குழப்பம் வராது.

ஆபத்தை உணர்ந்தால் முதலில் அசையாமல் உறைந்து நிற்கும். பழுப்பு உடலில் வெள்ளைப் புள்ளியும் கோடும் சருகோடு கலந்துவிடும். சிறுத்தைக்கு முன்னால் சரியான உத்தி. வாகன வெளிச்சத்துக்கு முன்னால் அதுவே எமன். காட்டு வீதியில் இரவில் வேகத்தைக் குறையுங்கள், ஹோர்னை நம்பாதீர்கள்.

குட்டி தனியே கிடந்தால் தூக்காதீர்கள். தாய் ஒளித்துவைத்துவிட்டுத்தான் மேயப் போயிருக்கும்.