ஆறு நாள் காட்டுப் பயணம் ஏன் சலிக்கிறது?

கேள்வி: ஒன்றரை வருடமாக டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதை விளையாட்டின் ஐந்தாம் பதிப்பை, 2014 விதிகளின்படி, டிஎம் ஆக, அதாவது கதையை நகர்த்தும் நடுவராக, நடத்துகிறேன். நான்கு பேர், எல்லோரும் ஐந்தாம் லெவல். இப்போது ஒரு பெரிய காட்டைக் கடந்து இடிந்த கோட்டைக்குப் போகிறார்கள். ஆறு நாள் பயணம். தினமும் டைஸ் உருட்டி அட்டவணையிலிருந்து ஒன்றை இறக்குகிறேன்: ஒரு நாள் ஓநாய், மறுநாள் கோப்ளின் என்ற குள்ளப் பூதங்கள், அடுத்து ஆந்தைத் தலைக் கரடியான ஔல்பேர். ஒவ்வொரு சண்டைக்கும் முக்கால் மணி நேரம் போகிறது, ஆனால் யாருக்கும் பயமே இல்லை. "நேரா கோட்டைக்கே போயிடலாமா?" என்று கேட்கிறார்கள். மான்ஸ்டர்களை இன்னும் பலமாக்கட்டுமா? இன்னொன்று, எங்கள் ட்ருயிட் (இயற்கை மந்திரவாதி) குட்பெர்ரி என்ற ஸ்பெல், அதாவது மந்திரம், போட்டு எல்லோர் பசியையும் தீர்த்துவிடுகிறார். அதைத் தடை செய்யலாமா?

பதில்: பலமாக்காதீர்கள். முதலில் கணக்கைப் பாருங்கள். ஐந்தாம் பதிப்பின் சண்டைக் கணக்கு, ஒரு நாளைக்கு ஆறிலிருந்து எட்டு மோதல்கள் வரும் என்று எண்ணிப் போடப்பட்டது. நிலவறைக்குள் அது பொருந்தும். காட்டில் நீங்கள் நாளுக்கு ஒன்றுதான் வைக்கிறீர்கள். ஐந்தாம் லெவல் விஸார்டுக்கு (மந்திரவாதிக்கு) மூன்றாம் லெவல் ஸ்லாட், அதாவது அந்த லெவல் ஸ்பெல் போடும் வாய்ப்பு, இரண்டு. இரண்டையும் ஃபயர்பால் என்ற நெருப்புக்குண்டு ஸ்பெல்லாக்கி ஓநாய்க் கூட்டத்தின் மேல் கொட்டிவிட்டுப் படுத்தால் காலையில் இரண்டும் திரும்ப வந்துவிடும். பிறகு எதைச் சேமிக்க வேண்டும் என்று அவர் ஏன் யோசிக்கப்போகிறார்? ஔல்பேரின் மதிப்பு 700 எக்ஸ்பி (அனுபவப் புள்ளி). உங்கள் நால்வருக்கும் சேர்த்து 'சுலபம்' என்ற வரம்பே 1000-த்தில்தான் தொடங்குகிறது. 'உயிராபத்து' என்பது 4400. அந்த அளவுக்கு ஏற்றினால் முக்கால் மணி நேரச் சண்டை ஒன்றரை மணி நேரமாகும். ஒன்றரை வருடம் ஆசையாக வளர்த்த கேரக்டர் பெயர் தெரியாத ஒரு மிருகத்திடம் செத்தும் போகலாம். அப்போதும் காடு சலிப்பாகத்தான் இருக்கும்.

எனவே ஓய்வு விதியை மாற்றுங்கள். டிஎம் கையேட்டிலேயே ஒரு மாற்று விதி இருக்கிறது: எட்டு மணி நேரத் தூக்கம் ஷார்ட் ரெஸ்ட் (குறு ஓய்வு), ஏழு நாள் தங்கினால்தான் லாங் ரெஸ்ட் (ஸ்லாட்களைத் திருப்பித் தரும் முழு ஓய்வு). ஆறு நாள் பயணத்துக்கு அது கொஞ்சம் கொடுமை. நான் வைப்பது இதைவிட எளிது. காட்டில் தூங்கினால் ஷார்ட் ரெஸ்ட். கதவும் கூரையும் காவலும் உள்ள இடத்தில் தங்கினால் லாங் ரெஸ்ட். விறகுவெட்டிகளின் குடியிருப்போ துறவி வாழும் குகையோ, ஒரே ஒரு இடத்தை மூன்றாம் நாள் தூரத்தில், நேர்வழியிலிருந்து அரை நாள் விலக்கி வையுங்கள். அதைத் தேடிப் போவதா, விட்டுவிட்டு நடப்பதா என்ற பேச்சு மேஜையில் தானாக எழும். ஆனால் இந்த மாற்றத்தைப் பயணம் கிளம்பும் முன்பே நால்வரிடமும் சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். நடுக்காட்டில் திடீரென்று அறிவித்தால், உங்கள் மேல் வைத்திருக்கும் நம்பிக்கை போய்விடும்.

இனி அட்டவணைக்கு வருவோம். உங்கள் பட்டியலில் இருப்பவை பெயர்கள் மட்டும். 'ஓநாய், ஆறு' என்று எழுதியிருந்தால் டைஸ் விழுந்ததும் உங்களால் செய்ய முடிந்தது ஒன்றுதான், சண்டையைத் தொடங்குவது. ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் அது அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருக்கிறது, அதற்கு என்ன வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். உங்கள் மூன்றையே எடுத்துக்கொள்வோம்.

ஓநாய்கள் இரண்டு நாளாகப் பின்தொடர்கின்றன. அவற்றின் கண் மனிதர்கள் மேல் இல்லை, சாமான் சுமக்கும் கோவேறு கழுதை மேல். உங்கள் பார்ட்டிக்குக் கழுதை இல்லையென்றால் பயணம் தொடங்கும் ஊரில் ஒன்றைக் கொடுங்கள், அதற்குப் பெயர் வைக்க வீரர்களை விடுங்கள். என் மேஜையில் ஒரு கழுதையைக் காப்பாற்ற ஒரு ஃபைட்டர் இரவு முழுக்க விழித்திருந்து, மறுநாள் களைப்போடு நடந்தார். அந்த அக்கறையை எந்த டிராகனும் அவரிடம் வாங்கியதில்லை.

கோப்ளின்கள் மலைத்தேன் எடுக்க வந்திருக்கிறார்கள். பாறை விளிம்பில் ஒருவன் தொங்குகிறான், கயிறு அறுந்துகொண்டிருக்கிறது, மேலே இருப்பவர்களின் கை எட்டவில்லை. உங்கள் ஆட்களிடம் கயிறு இருக்கிறது.

ஔல்பேர் ஒரு மானை இழுத்துக்கொண்டு போகிறது. அந்த மானின் விலாவில் யாரோ எய்த அம்பு இருக்கிறது. அம்பு யாருடையது? இங்கேதான் டைஸை இன்னொரு முறை உருட்டி, வருகிற இரண்டாம் பெயரை முதலாவதோடு முடிச்சுப் போட வேண்டும். கோப்ளின் வந்தால் வேட்டை அவர்களுடையது, பசியோடு தேடி வருகிறார்கள். ஓநாய் வந்தால் அதே மானின் ரத்த வாடைக்குக் கூட்டம் பின்னால் வருகிறது. இப்படி இரண்டிரண்டாகக் கோத்தால் பத்து வரி அட்டவணை ஒரு வருடத்துக்குத் தாங்கும்.

அட்டவணை எழுத உட்காரும்போது நம் திணைப் பகுப்பை நினைத்துக்கொள்வது எனக்குப் பெரிய உதவி. நிலம், அதற்குரிய பெரும்பொழுது, சிறுபொழுது, அங்கே வாழும் விலங்கு, பறவை, மரம், நீர், மக்கள், அவர்கள் தொழில் என்று ஒவ்வொரு திணைக்கும் முழு வரிசை இருக்கிறது. பாலைக்கு நண்பகல், முல்லைக்கு மாலை, குறிஞ்சிக்கு யாமம். உங்கள் காட்டின் ஒவ்வொரு பகுதிக்கும் இந்தக் கட்டங்களை நிரப்புங்கள். பொழுதுக் கட்டத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். நண்பகலில் பாறையிடுக்கில் தூங்கும் ஔல்பேரும், இருட்டியபின் நீர் குடிக்க வரும் ஔல்பேரும் வேறு வேறு காட்சிகள்.

எதிர்ப்பட்டவர் நண்பரா, பகைவரா என்பதையும் நீங்கள் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டாம். 1981-இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பேசிக் விதிகளில் இதற்கென்றே ஒரு உருட்டல் உண்டு. இரண்டு ஆறுமுக டைஸை உருட்ட வேண்டும். 2 விழுந்தால் உடனே தாக்கும். 3 முதல் 5 வரை பகைமை. 6 முதல் 8 வரை தயக்கம். 9 முதல் 11 வரை தாக்காது. 12 என்றால் நட்பு. முப்பத்தாறு வாய்ப்புகளில் நேரடித் தாக்குதல் ஒன்றே ஒன்று, தயக்கம் பதினாறு. அந்தத் தயக்கம்தான் வீரர்கள் பேசவும், ஒளியவும், உணவை வீசவும் கிடைக்கும் நேரம். புதிய பதிப்பில் இது பின்னுக்குப் போனதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம். அப்படியே எடுத்து உங்கள் மேஜையில் வையுங்கள், எந்த விதியோடும் மோதாது.

அடுத்தது தடயம். எதுவும் திடீரென்று முன்னால் குதிக்கக் கூடாது. முதுமலை, ஆனைமலைப் பக்கம் வழிகாட்டியோடு நடந்தவர்களுக்குத் தெரியும், சிறுத்தையைக் காண்பதற்கு முன் அதைக் கேட்டுவிடலாம். மந்தி கத்தும், கடமான் கனைக்கும், வழிகாட்டி கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்துவார். அந்த நிமிடம்தான் நடையின் உச்சம். உங்கள் அட்டவணையில் ஒவ்வொரு உயிருக்கும் மூன்று நிலை எழுதுங்கள்: பழைய தடம், பக்கத்தில் இருக்கும் குறி, நேரில். ஔல்பேருக்கு, முதலில் மரப்பட்டையில் ஆளுயரத்துக்கு மேல் நகக்கீறல். பிறகு எலும்பும் ரோமமும் உருண்டையாகக் கக்கிய எச்சம், இன்னும் ஈரமாக. பிறகுதான் அது. ஆறுமுக டைஸில் 1 முதல் 3 வரை தடம், 4, 5 குறி, 6 நேரில் என்று வைத்தால் போதும். தடம் பார்க்கத் தெரிந்த ரேஞ்சர் வகைக் கேரக்டர் இருந்தால் அவருக்கு வேலையும் மதிப்பும் கிடைக்கும்.

எல்லாவற்றையும்விட நான் முக்கியமாக நினைப்பது வழித்தேர்வு. இந்த விளையாட்டு 1974-இல் வந்தபோதே மூன்று சிறுநூல்களில் ஒன்றின் தலைப்பில் காட்டுக்கு இடம் இருந்தது. காட்டுப் பயணத்துக்கு அவலான் ஹில் நிறுவனத்தின் அவுட்டோர் சர்வைவல் என்ற 1972-ஆம் வருடப் பலகை விளையாட்டின் வரைபடத்தைப் பயன்படுத்தச் சொன்னார்கள். அறுகோணக் கட்டங்கள், எந்தப் பக்கம் திரும்புவது என்பது வீரர் கையில். உங்கள் பயணத்தில் அது இல்லை. கோட்டைக்கு ஒரே கோடு, கோட்டின் மேல் ஆறு புள்ளி.

மூன்று வழி கொடுங்கள். அடர்ந்த காட்டில் வேகம் பாதி என்பதால் சாதாரண நடையின் 24 மைல், நாளுக்கு 12 ஆகும். உங்கள் ஆறு நாள் என்பது 72 மைல். ஆற்றங்கரையோடு போனால் அதே ஆறு நாள், தண்ணீருக்குக் கவலையில்லை, ஆனால் எல்லா விலங்கும் நீருக்கு அங்கேதான் வரும். மலைமுகட்டில் ஏழு நாள், தூரத்திலிருந்தே எல்லாம் தெரியும், நீங்களும் எல்லோர் கண்ணிலும் படுவீர்கள், இரவில் தீ மூட்ட முடியாது. பழைய கல்பாதையில் மூன்று நாள், வேகம் குறையாது, ஆனால் அதைப் போட்ட அரசின் வீரர்கள் இறந்தபின்னும் அங்கே சுங்கம் கேட்கிறார்கள். இந்தத் தகவல் கிளம்பும் முன்பே அவர்களுக்குத் தெரிய வேண்டும். ஒரு வேடன் சொல்லலாம், கிழிந்த வரைபடம் சொல்லலாம். தெரியாமல் இடமா வலமா என்று கேட்பது நாணயம் சுண்டுவதுதான். தெரிந்து தேர்ந்தெடுத்தால், ஆற்றங்கரையில் ஔல்பேர் வரும்போது "நாம்தானே இந்த வழியைக் கேட்டோம்" என்று அவர்களே சொல்வார்கள்.

ஆறு நாளையும் விளையாட வேண்டியதில்லை. ஒன்றும் நடக்காத நாளை இரண்டு வாக்கியத்தில் கடந்துவிடுங்கள். ஒரு செஷனுக்கு மூன்று காட்சி தாராளம்.

குட்பெர்ரியைத் தடை செய்யாதீர்கள். அந்த ஸ்பெல்லைத் தேர்ந்தெடுத்த வீரர், இந்தப் பயணத்தில் எல்லோருக்கும் பயன்பட நினைத்தவர். ஒரு முறை போட்டால் பத்துப் பழம், ஒரு பழம் ஒருவருக்கு ஒரு நாள் உணவு, கழுதைக்கும் சேர்த்து ஐந்து போதும். 24 மணி நேரத்தில் பழம் வீரியம் இழந்துவிடும், எனவே தினமும் போட்டாக வேண்டும். ஓய்வு விதி மாறியபின் அவரிடமுள்ள நான்கு முதல் லெவல் ஸ்லாட் நான்கு நாளில் தீர்ந்துவிடும். ஐந்தாம் நாள் காலையில் இரண்டாம் லெவல் ஸ்லாட்டைப் பழத்துக்குச் செலவழிப்பதா, கோட்டைக்கென்று வைத்துக்கொண்டு கோப்ளின்களிடம் தேன் கேட்டுப் பார்ப்பதா என்று அவர் மற்ற மூவரையும் பார்ப்பார்.