துருவைச் சுரண்டாதீர்கள்: பழைய இரும்பு பற்றிச் சில கேள்விகளும் பதில்களும்

தோட்டத்துக் கொல்லுப்பட்டறையில் துருத்தி ஊதி வளர்ந்தவன் நான்; பிறகு பல வருடங்கள் உலோக ஆய்வுகூடத்தில் வேலை. கேட்டவர்களுக்கு முடிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன்.

ஹட்டன் ஆசிரியை: ஐயா, தம்புள்ளைக்கு அருகே இப்பன்கட்டுவ ஈமக்காட்டுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போயிருந்தோம். இத்தகைய கல்லறைகளில் கிடைக்கும் இரும்பு வெறும் துருக்கட்டியாக இருக்கிறதே, அதைக் கத்தி என்று எப்படிச் சொல்கிறார்கள்?

எக்ஸ் கதிர்ப் படம்தான் டீச்சர், கை முறிந்தால் எடுப்போமே, அதேதான். இப்பன்கட்டுவ கி.மு. 700 முதல் 400 வரையிலான காலத்தைச் சேர்ந்தது. அத்தனை நூற்றாண்டுகள் மண்ணில் கிடந்த இரும்பைச் சுற்றி மண்ணும் கல்லும் துருவோடு சேர்ந்து இறுகிவிடும். படத்தில் அந்தக் கட்டிக்குள்ளே அலகும் காம்பும் தெரியும். கத்தியின் பழைய மேற்பரப்பு பல நேரங்களில் துருவுக்குள்ளேயே ஒரு மெல்லிய படலமாகத் தங்கியிருக்கும். மரப்பிடியின் நரம்பு, சுற்றியிருந்த துணியின் இழை ஆகியவைகூடத் துருவில் அச்சாகப் பதிந்திருப்பதுண்டு. துணி மக்கிப்போயிருக்கும், நெசவை மட்டும் துரு காப்பாற்றி வைத்திருக்கும். சுரண்டினால் முதலில் போவது அதுதான்.

உயர்தர மாணவன், தலவாக்கலை: செய்த விதத்தையும் கண்டுபிடிக்கலாமா?

கண்டுபிடிக்கலாம் தம்பி, உள்ளே உலோகம் மிஞ்சியிருந்தால். அரிசி மணி அளவு துண்டு போதும். அதைப் பிசினில் பதித்து, கண்ணாடிபோல் மெருகேற்றி, மதுசாரத்தில் சில துளி நைத்திரிக் அமிலம் கலந்து சில விநாடிகள் தடவுவார்கள். நுணுக்குக்காட்டியில் காபன் இல்லாத இரும்பு வெளிறிய மணிகளாகத் தெரியும். காபன் ஏறிய இடம் கறுத்து, வரிவரியாக இருக்கும். அலகின் ஓரம் மட்டும் கறுத்திருந்தால், கொல்லன் வெட்டும் வாய்க்கென்று உருக்கைச் சேர்த்து அடித்திருக்கக்கூடும். எங்கள் அப்பா தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியின் வாயை மட்டும் காய்ச்சித் தண்ணீரில் தோய்ப்பார். தோய்த்த இரும்புக்கு வேறு உருவம், ஊசி ஊசியாக. முதன்முதலில் அதை வில்லையில் பார்த்தபோது பட்டறையில் எழும் 'சுர்' சத்தம் காதில் கேட்டது.

மாத்தளை வாசகர்: தமிழ்நாட்டுச் சிவகளையில் இரும்பு கி.மு. 3345 என்கிறார்களே, நம்பலாமா?

2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட அறிக்கை அது. காலம் கணித்தது இரும்பை வைத்தல்ல. அதனோடு கிடந்த கரியையும் பானையோட்டையும் வைத்து. கரி ஈமத்தாழிக்குள், அதாவது இறந்தவரைப் புதைக்கும் பெரிய பானைக்குள், இரும்போடு போனதா, பின்னால் புகுந்ததா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மூடி கலையாத தாழியென்றால் என் நம்பிக்கை கூடும். மரக்கரியில் உருக்கிய இரும்பில் அந்த மரத்தின் காபனே ஏறியிருக்கும்; அதையே நேரடியாகக் கணிக்கவும் வழியுண்டு. அப்படிச் செய்த முடிவுகள் பெருகட்டும், அதுவரை நான் அவசரப்படமாட்டேன்.

பண்டாரவளைச் சகோதரி: நம்முடைய மலையிலும் இரும்பு உருக்கினார்களா?

அருமையாக உருக்கினார்கள் அம்மா. பலாங்கொடைப் பக்கம் சமனலவெவயில், மேற்கு பார்த்த சரிவுகளில் உலைகள் கிடைத்தன. தென்மேல் பருவக்காற்று உலையின் முன்சுவரைத் தாண்டி ஓடும்போது ஏற்படும் உறிஞ்சலே காற்றை உள்ளே இழுத்தது, துருத்தி தேவைப்படவில்லை. ஆய்வாளர் கில் ஜூலெஃப் அதே மாதிரி உலை கட்டி, உருக்கியே காட்டினார்; 1996இல் 'நேச்சர்' இதழில் வந்தது. ஆனால் இவை கி.பி. 7 முதல் 11ஆம் நூற்றாண்டு வரையானவை. இப்பன்கட்டுவக் கல்லறைகளோடு போட்டுக் குழப்பாதீர்கள்.

பெயர் சொல்லாத தோட்டத்து அண்ணன்: கான் (வடிகால்) வெட்டும்போது ஒரு பழைய கத்தி கிடைத்தது. தேசிக்காயும் உப்பும் போட்டுத் தேய்த்தேன். இப்போது மஞ்சள் நீர் துளிர்க்கிறது.

அண்ணே, அமிலம் துருவோடு இரும்பையும் தின்னும். நீங்கள் போட்ட உப்பு வேறு உள்ளே போய் ஈரத்தை இழுக்கிறது. அந்த மஞ்சள் நீர் அதன் அறிகுறி. இனித் தேய்க்காதீர்கள், எண்ணெயும் பூசாதீர்கள். காற்றுப் புகாத டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களோடு வையுங்கள். அது வெள்ளைக்காரன் காலத்துக் கவ்வாத்துக் கத்தியாகவும் இருக்கலாம். பழைய உலை இரும்பில், உருக்கும்போது பிரியாமல் தங்கிய கசடு நூல்போல் இழுபட்டிருக்கும், தொழிற்சாலை உருக்கில் அப்படி இராது. ஒரு துண்டு பார்த்தால் தெரிந்துவிடும். கான் வெட்டிய இடத்தில் பானையோடோ எலும்போ கண்டீர்களா? கண்டிருந்தால் மேலும் தோண்டாமல், எவ்வளவு ஆழம் என்று குறித்துக்கொண்டு தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். தேசிக்காய் மிச்சமிருந்தால் பிளேன்டீக்கு ஆகும்.