மூலை இடித்தால் மடங்கி நிமிரும் பம்பர்: காப்புரிமையா, டிசைன் பதிவா?

கேள்வி: தக்கலைக்கும் அழகியமண்டபத்துக்கும் இடையில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். மினி லாரிகளுக்கு ஒரு பம்பர் செய்திருக்கிறேன். அதன் இரண்டு முனைகளும் கீலில் மாட்டிய தனித் துண்டுகள். மதிலில் மூலை இடித்தால் முனை உள்ளே மடங்கும். வண்டியைப் பின்னால் எடுத்ததும் தானாக நிமிர்ந்துவிடும். ஒவ்வொரு முனையின் பின்னாலும் ஓர் இரும்பு நாக்கு உண்டு. அந்த நாக்குக்கும் சேசிஸின் பக்கவாட்டுக்கும் நடுவில், இரண்டு தகடுகளோடு சேர்த்து வார்த்த ரப்பர் பேட் இருக்கிறது. குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் யூனிட்டில் வார்த்து வாங்கினேன். ரப்பர் ஷீட்டும் வாழைக்குலையும் ஏற்றும் மைத்துனரின் வண்டியில் மாட்டி நான்கு மாதமாக ஓடுகிறது. முனை மடங்கி நிமிர்வதை வெளியிலிருந்து எடுத்த வீடியோவை இணையத்தில் போட்டேன். ஓர் ஏஜென்ட் ‘ஆறு மாதத்தில் காப்புரிமை நிச்சயம்’ என்கிறார். இன்னொருவர் ‘டிசைன் பதிவு போதும், செலவு குறைவு’ என்கிறார். யார் சொல்வது சரி? பணம் போட்டது மைத்துனர். அவர் பெயரையும் கண்டுபிடித்தவராகச் சேர்க்கலாமா?

பதில்: இருவர் சொல்வதும் சரியல்ல. இப்போதைய தோற்றத்துக்கு டிசைன் பதிவு கிடைக்காது. அந்த வீடியோவே அதற்கு எமனாகிவிட்டது. காப்புரிமைக்கு இன்னும் உயிர் இருக்கிறது. ஆனால் அது ஆறு மாதத்தில் வராது, நிச்சயம் என்றும் யாரும் சொல்ல முடியாது.

டிசைன் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். 2000-ஆம் ஆண்டு டிசைன் சட்டம் பாதுகாப்பது கண்ணுக்குத் தெரியும் உருவத்தை மட்டும்தான்: வளைவு, கோடு, அமைப்பு, அலங்காரம். கட்டுமான முறையையும் வெறும் இயந்திர அமைப்பையும் அந்தச் சட்டம் வெளிப்படையாகவே விலக்கி வைக்கிறது. உங்கள் பம்பரின் மதிப்பு முழுவதும் முனை மடங்கி நிமிர்வதில்தான் இருக்கிறது. டிசைன் பதிவு கிடைத்திருந்தாலும், பக்கத்து ஊர்ப் பட்டறைக்காரர் வளைவைக் கொஞ்சம் மாற்றிவிட்டு அதே கீலையும் அதே ரப்பரையும் வைத்துக்கொள்ளலாம். நீங்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். அது போக, மனு கொடுக்கும் நாளுக்கு முன் உலகில் எங்கு வெளியாகியிருந்தாலும் டிசைன் புதியது ஆகாது. பிற்பாடு தோற்றத்தை நன்றாக மாற்றினால், யாருக்கும் காட்டுவதற்கு முன் புதிய மனு கொடுங்கள். தனிநபருக்குக் கட்டணம் 1,000 ரூபாய். பாதுகாப்பு 10 ஆண்டு, பிறகு 5 ஆண்டு நீட்டிக்கலாம். வாகன நிறுவனங்கள் தங்கள் பம்பர்களை டிசைனாகப் பதிந்துவைக்கின்றன என்பதையும் நினைவில் வையுங்கள். கம்பெனி பம்பரைப் போலவே வெளிமுகத்தைச் செய்திருந்தால், வழக்கு உங்கள் மேல் வரும்.

இனி காப்புரிமை. மனுவைப் பரிசீலிக்கும் காப்புரிமை அலுவலக ஆய்வாளர் உங்கள் வண்டியைப் பார்க்க வரமாட்டார். முனை எவ்வளவு அழகாக நிமிர்கிறது என்பது அவர் கண்ணில் படவே படாது. மனுவின் கடைசிப் பக்கங்களில், எதற்கு உரிமை கேட்கிறீர்கள் என்று நீங்கள் எழுதும் உரிமைக்கோரலின் முதல் வாக்கியத்தைத்தான் அவர் எடுத்துக்கொள்வார். அதைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டும் இதற்கு முன் எங்கே வந்திருக்கிறது என்று தேடுவார். பல பட்டறைக்காரர்களின் நல்ல சரக்கு அந்த ஒரு வாக்கியத்தில்தான் கவிழ்கிறது.

‘அதிர்ச்சியைத் தாங்கும், ரப்பர் பொருத்திய, விலை குறைந்த வாகன பம்பர்’ என்று எழுதினால் என்ன ஆகும்? விலை என்பது பொருளின் அமைப்பு அல்ல, அடித்துவிடுவார். அதிர்ச்சியைத் தாங்குவது விளைவு. எப்படித் தாங்குகிறது என்று கேட்பார். மிஞ்சுவது ரப்பர். 1905-லேயே பிரிட்டனில் பிரெடெரிக் சிம்ஸ் தன் காருக்கு ரப்பர் பம்பர் போட்டுவிட்டார். அமெரிக்காவில் 1973-ஆம் ஆண்டு மாடல் கார்கள் முன்பக்கம் மணிக்கு 5 மைல், பின்பக்கம் இரண்டரை மைல் வேக மோதலைத் தாங்க வேண்டும் என்று விதி வந்ததும், ஸ்பிரிங், ஆயில், ரப்பர் என்று வகைவகையான பம்பர்களைக் கம்பெனிகள் வரிந்துகட்டிக்கொண்டு செய்தன. காப்புரிமை அலுவலகங்களின் சர்வதேச வகைப்பாட்டில் பம்பருக்குத் தனி அறையே உண்டு: பி60ஆர் 19 (B60R 19). அதற்குள் உலோக ஸ்பிரிங்குக்கு 19/28, ரப்பர் போன்ற மீள்பொருளுக்கு 19/30, அசைந்து கொடுக்கும்படி மாட்டிய பம்பருக்கு 19/38. உங்கள் மனு போய்ச் சேரும் இடம் இந்த நெரிசல்தான்.

ஆகவே மனு எழுதுவதற்கு முன் நீங்களே தேடுங்கள். இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் இன்பாஸ், ஐரோப்பிய அலுவலகத்தின் எஸ்பாசெனெட், கூகுள் பேட்டன்ட்ஸ் மூன்றும் இலவசம். மேலே சொன்ன எண்களைப் போட்டுத் தேடினால் படங்களாக வந்து விழும். ஆங்கிலம் தடுமாறினாலும் படம் உங்களுக்குப் புரியும். சட்டம் படித்தவரைவிட நன்றாகவே புரியும். கீலில் மடங்கும் முனையும், அதைத் திருப்பித் தள்ளும் ஸ்பிரிங்கும் கட்டாயம் எங்காவது தட்டுப்படும். அதனால் சோர்ந்துவிட வேண்டாம்.

உங்கள் அமைப்பில் எனக்குச் சுவாரசியமாகப் பட்டது கீல் அல்ல. பேட் நிற்கும் இடம். சாதாரணமாக ரப்பரைப் பம்பருக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில், இடி வரும் திசையில் வைப்பார்கள், ரப்பர் நசுங்கும். நீங்கள் நாக்குக்கும் சேசிஸின் பக்கவாட்டுக்கும் நடுவில் வைத்திருக்கிறீர்கள். முனை மடங்கும்போது நாக்கு பின்னோக்கிப் போகிறது. ஒரு தகடு நகர, மற்றது நிற்க, நடுவில் உள்ள ரப்பர் நசுங்காமல் சரிந்து இழுபடுகிறது. தகடோடு ஒட்டி வார்த்த மெல்லிய ரப்பர், அழுத்தினால் கல்லைப் போல் நிற்கும். பக்கவாட்டில் இழுத்தால் இளகிக் கொடுக்கும். மேம்பாலங்களில் தூணுக்கும் தளத்துக்கும் நடுவில் வைக்கும் ரப்பர் தாங்கிகள் இந்தக் குணத்தை நம்பித்தான் இருக்கின்றன. ஆக, சிறு இடத்தில் நீண்ட அசைவு, தனி ஸ்பிரிங் இல்லாமலே பழைய நிலைக்குத் திரும்புதல் என்ற இரண்டும் உங்களுக்குக் கிடைக்கின்றன.

இதைத்தான் வாக்கியமாக்க வேண்டும். ஏறக்குறைய இப்படி: ‘நடுத்துண்டும், அதன் இரு பக்கமும் நிமிர்ந்த கீலில் மாட்டிய முனைத்துண்டுகளும் கொண்ட வாகன பம்பர், ஒவ்வொரு முனைத்துண்டிலிருந்தும் சேசிஸின் பக்கவாட்டை ஒட்டிப் பின்னோக்கி ஒரு நாக்கு நீள்கிறது, நாக்கின் முகத்துக்கும் சேசிஸின் முகத்துக்கும் நடுவில் இரு தகடுகளோடு பிணைந்த மீள்பொருள் பேட் உள்ளது, முனைத்துண்டு மடங்கும்போது அந்தப் பேட் சரிவு விசைக்கு உட்பட்டு, விசை நீங்கியதும் முனைத்துண்டைத் திரும்ப நிறுத்துகிறது என்பதே இதன் சிறப்பு.’ ரப்பர் என்று எழுதாமல் மீள்பொருள் என்று எழுதியிருக்கிறேன். இல்லாவிட்டால் நாளைக்கே ஒருவர் பாலியூரித்தேன் வைத்துக்கொண்டு தப்பித்துவிடுவார். ரப்பரைத் துணைக்கோரலில் சொல்லலாம். உறுப்புகளின் பெயருக்குப் பக்கத்தில் படத்தில் உள்ள எண்ணை அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். மனு ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் இருக்க வேண்டும்.

ஆய்வு அறிக்கையில் இரண்டு ஆட்சேபங்களை எதிர்பாருங்கள். முதலாவது, காப்புரிமைச் சட்டத்தின் மூன்றாம் பிரிவின் ‘எஃப்’ உட்பிரிவு: தெரிந்த உறுப்புகள், ஒவ்வொன்றும் தன்பாட்டுக்குத் தெரிந்த வேலையைச் செய்யும்படி வெறுமனே அடுக்கி வைத்தது கண்டுபிடிப்பு ஆகாது. கீல் கீலின் வேலையைச் செய்கிறது, ரப்பர் ரப்பரின் வேலையைச் செய்கிறது என்பார். இரண்டும் ஒன்றை ஒன்று நம்பி நிற்கின்றன என்று நீங்கள் காட்ட வேண்டும்: நாக்கு நேர்வழியில் நகராமல் கீலைச் சுற்றி வளைந்து போவதால்தான் பேட் இந்த விதத்தில் இழுபடுகிறது, பேட் இழுப்பதால்தான் தனி ஸ்பிரிங் தேவைப்படவில்லை. இரண்டாவது, ஒரு பழைய ஆவணத்தில் கீல் முனை, இன்னொன்றில் சரியும் ரப்பர், துறை தெரிந்தவர் இரண்டையும் சேர்ப்பது இயல்புதானே என்ற வாதம். இதற்கு வாய்ச்சொல் உதவாது, அளவு வேண்டும். ஜாக்கியால் முனையைத் தள்ளி, எவ்வளவு விசைக்கு எத்தனை மில்லிமீட்டர் நகர்கிறது என்று அட்டவணை போடுங்கள். அதே ரப்பரை நசுங்கும்படி வைத்தும் அளந்துகொள்ளுங்கள். மாவட்டத்தில் பொறியியல் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. ஒரு மெக்கானிக்கல் ஆய்வகத்தில், ரகசியம் காப்பதாக எழுதி வாங்கிக்கொண்டு செய்யலாம். இந்த எண்கள் மனுவோடு கொடுக்கும் முழு விளக்கமான விவரக்குறிப்பில் ஏறியிருந்தால் பிறகு பதில் சொல்வது எளிது.

வீடியோவுக்கு வருவோம். அதை இப்போது அழித்துவிடுவதால் வெளியானது வெளியாகாதது ஆகிவிடாது. அதன் பிரதியை எடுத்துவைத்து, நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். முனை மடங்குவதும் நிமிர்வதும் தெரிகின்றன. அவை இனி உங்களுக்கே எதிரான சாட்சி. நாக்கும் பேட்டும் எந்த இடத்திலாவது தெரிகின்றனவா? தெரியவில்லை என்றால், உள்ளே என்ன நடக்கிறது என்பதை அந்த வீடியோ யாருக்கும் கற்றுக்கொடுக்கவில்லை. மேலே எழுதிய கோரல் பேட்டைப் பிடித்துத் தொங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மைத்துனரின் வண்டி இன்னொரு கவலை. பொது இடத்தில் செய்தே தீர வேண்டிய நியாயமான சோதனை ஓட்டத்துக்கு 32-ஆம் பிரிவு ஓராண்டு இடம் கொடுக்கிறது. ஆனால் சரக்கேற்றித் தினமும் மார்த்தாண்டம் சந்தைக்குப் போய்வரும் வண்டி சோதனையா, தொழிலா என்று எதிர்த்தரப்பு கேட்காமல் விடாது. சோதனைதான் என்று காட்டத் தேதி போட்ட குறிப்பேடு வையுங்கள். ஒரு பம்பரைக்கூட விற்காதீர்கள். ரப்பர் யூனிட்டிடம் ரகசியக் கடிதம் வாங்குங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த மாதத்துக்குள் தற்காலிக விவரக்குறிப்போடு மனுவைப் போட்டுத் தேதியைக் கைப்பற்றுங்கள். முழு விவரக்குறிப்புக்கு 12 மாதம் அவகாசம் உண்டு. அளவெடுப்பதை அந்தக் காலத்தில் செய்யலாம். நாக்கு, பேட், கீல் மூன்றின் படமும் விளக்கமும் தற்காலிகத்திலேயே இருக்கட்டும். அதில் இல்லாததற்கு அந்தத் தேதி கிடைக்காது.

தமிழ்நாட்டு மனுக்கள் கிண்டியில் உள்ள சென்னை காப்புரிமை அலுவலகத்துக்குப் போகும். ஆன்லைனிலேயே போடலாம், பயணம் வேண்டாம். தனிநபருக்கு மனுக் கட்டணம் 1,600 ரூபாய், ஆய்வுக் கோரிக்கைக்கு 4,000. ஆய்வைக் கேட்டு வாங்க வேண்டும்; 31 மாதத்துக்குள் கேட்காவிட்டால் மனுவை நீங்களே திரும்பப் பெற்றதாகிவிடும். முதல் ஆய்வு அறிக்கைக்குப் பதில் தர 6 மாதம், கேட்டால் இன்னும் 3 மாதம். மனு வழக்கமாக 18 மாதத்தில் வெளியாகும்; 2,500 ரூபாய் கட்டி முன்கூட்டியே வெளியிடச் சொல்லலாம். பட்டறைக்கு உத்யம் என்ற சிறுதொழில் பதிவு இருந்தால் சிறு நிறுவனமாக 8,000 ரூபாய்க்கு விரைவு ஆய்வும் கேட்கலாம். இத்தனையும் செய்தாலும், வெளியான நாளிலிருந்து 6 மாதம் முடியும்வரை காப்புரிமை வழங்கக் கூடாது என்பது விதி. அந்த ஏஜென்ட் சொன்ன ஆறு மாதம் இந்த ஒரு விதியிலேயே அடிபட்டுப் போகிறது. அவர் பதிவு பெற்ற காப்புரிமை முகவர்தானா என்று அலுவலகத்தின் இணையப் பட்டியலில் பாருங்கள். காப்புரிமை கிடைப்பதற்கு முன் பம்பரில் ‘காப்புரிமை பெற்றது’ என்று பொறிக்கச் சொன்னால் கேட்காதீர்கள். அபராதம் 10 லட்சம் ரூபாய் வரை போகலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். காப்புரிமை மற்றவரைத் தடுக்கும் உரிமைதான். வண்டியில் மாட்ட அனுமதி அல்ல. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. கூடுதலாக மாட்டும் இரும்புக் காப்புக் கம்பிகளுக்கு எதிராக 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியதும் இதன் பேரில்தான். ஓடுகிற வண்டிகளுக்கு மாட்டி விற்கும் எண்ணத்தை ஆறப்போட்டுவிட்டு, பாடி கட்டும் நிறுவனங்களுக்கும் வாகனத் தயாரிப்பாளர்களுக்கும் உரிமம் கொடுப்பதை யோசியுங்கள்.

மைத்துனர் பணம் போட்டவர். பணம் போட்டதால் யாரும் கண்டுபிடித்தவர் ஆவதில்லை. கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் அவர் பெயரைப் போடாதீர்கள். அதே சமயம், பேட்டைப் பக்கவாட்டில் வைக்கலாம் என்று சொன்னது உங்கள் பட்டறைப் பையனாக இருந்தால், அவர் பெயர் அங்கே வந்தே ஆக வேண்டும். உங்கள் உரிமையில் ஒரு பங்கை மைத்துனருக்கு எழுதிக் கொடுத்து அவரைக் கூட்டு விண்ணப்பதாரர் ஆக்கலாம். அப்படிச் செய்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை இருவருக்கும் சமபங்கு. ஒருவர் சம்மதமில்லாமல் மற்றவர் யாருக்கும் உரிமம் கொடுக்க முடியாது. அவர் போட்ட பணத்துக்கு ஈடான பங்கு மட்டும் கொடுக்கத்தான் உங்களுக்கு விருப்பமென்றால், அந்த விகிதத்தையும் உரிமம் கொடுக்கும் அதிகாரம் யாருக்கு என்பதையும் மனு போடும் முன்பே பத்திரத்தில் எழுதிக் கையெழுத்திடுங்கள்.