அமெரிக்கப் பழங்குடி மாணவர்கள் செய்வது நிஜ ராக்கெட்டா, பொம்மையா?

பொம்மை இல்லை, ஆனால் விண்வெளிக்கும் போகாது. நீங்கள் கேள்விப்பட்டது அநேகமாக 'ஃபர்ஸ்ட் நேஷன்ஸ் லாஞ்ச்' போட்டியாக இருக்கும். நாசா ஆதரவுடன் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள 'ஸ்பேஸ் கிராண்ட்' என்ற விண்வெளிக் கல்வி அமைப்பு நடத்துவது. பழங்குடிக் கல்லூரி அணிகளும், 'ஏய்சஸ்' என்ற பழங்குடி அறிவியல், பொறியியல் சங்கத்தின் (1977-இல் தொடங்கியது) பல்கலைக்கழகக் கிளைகளும் கலந்துகொள்ளும். ராக்கெட்டுகளை ஏவுவது விஸ்கான்சினில் உள்ள ரிச்சர்ட் பாங் பூங்காவில். 1950-களில் விமானப்படைத் தளம் கட்டத் தொடங்கிப் பாதியில் கைவிட்ட இடம் அது. கடைசியில் அங்கிருந்து பறப்பது மாணவர்களின் ராக்கெட்!

மோட்டார் கடைச்சரக்குதான். உடல், நேராகப் பறக்க வைக்கும் வால்துடுப்பு, மின்னணுப் பகுதி எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டுவது மாணவர்கள். என்னைக் கேட்டால், ஏற்றுவதைவிட இறக்குவதுதான் கஷ்டம். உள்ளே இருக்கும் உயரமானி காற்றழுத்தத்தைக் கவனித்துக்கொண்டே இருக்கும். அழுத்தம் குறைவது நின்றால் உச்சி வந்தாயிற்று என்று அர்த்தம். உடனே அது துளி வெடிமருந்தைப் பற்றவைக்கும். கிளம்பும் வாயு உடலை இரண்டாகப் பிரித்து, சின்ன பாராசூட்டை வெளியே தள்ளும். தரைக்குச் சில நூறு அடி இருக்கும்போதுதான் பெரிய பாராசூட் விரியும். அதை உச்சியிலேயே விரித்தால் காற்று எங்கோ இழுத்துப் போய்விடும், அப்புறம் வயல் வயலாகத் தேட வேண்டியதுதான்.

சரி, சிறுவர்களுக்கு என்ன? ஏய்சஸ் பழங்குடிப் பள்ளி மாணவர்களுக்கென்றே தேசிய அறிவியல் கண்காட்சி நடத்துகிறது. அவர்கள் பார்த்து வளர முன்னோடிகளும் உண்டு: சிக்கசா என்ற பழங்குடி இனத்தின் ஜான் ஹெரிங்டன் 2002-இல் விண்வெளி சென்றார், 2022-இல் சென்ற நிக்கோல் மான், அங்கே போன முதல் அமெரிக்கப் பழங்குடிப் பெண்.