மிஷின் மணி வேறு, ஆள் மணி வேறு

தம்பி, மன்னார்குடிப் பக்கம் ஆறேழு சீசனாக அறுவடை மிஷின் ஓட்டுகிறேன், செயின் வண்டியும் டயர் வண்டியும் அத்துப்படி என்று எழுதியிருந்தீர்கள். நியூசிலாந்தில் டிராக்டர், ஹார்வெஸ்டர் ஓட்ட ஆள் எடுக்கிறார்கள், மாதம் மூன்று லட்சம் சம்பளம் என்று சொல்லி ஒரு ஏஜென்ட் ஐந்து லட்சம் கேட்கிறார், நம்பிப் போகலாமா, அங்கே நம்மை எப்படி நடத்துவார்கள் என்பது உங்கள் கேள்வி. நான் ஒரத்தநாட்டுக்காரன். இங்கே தெற்குத் தீவில் கேன்டர்பரி சமவெளியில், ஆஷ்பர்ட்டன் பக்கம், பல வருஷமாக இதே வேலைதான் செய்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அந்த ஐந்து லட்சம். கொடுக்காதீர்கள். இங்கே வெளிநாட்டு ஆளை எடுக்கும் முதலாளி அரசிடம் அங்கீகாரம் வாங்கியிருக்க வேண்டும். விசாவின் பெயரே அக்ரெடிட்டட் எம்ப்ளாயர் வொர்க் விசாதான். ஆள் தேடும் செலவை முதலாளியே ஏற்க வேண்டும் என்பது அந்த அங்கீகாரத்தின் நிபந்தனை. வேலை தருவதற்காக வேலைக்காரரிடம் பணம் வாங்குவது இந்நாட்டின் 1983ஆம் ஆண்டு கூலிப் பாதுகாப்புச் சட்டத்துக்கு விரோதம். நம் நாட்டின் குடிபெயர்வுச் சட்டமும் அதே 1983ல் வந்ததுதான். அதன்படி பதிவு பெற்ற ஏஜென்ட் ஆளிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்குரிய ஜிஎஸ்டியும். ஏஜென்டின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைகிரேட் தளத்தில் போட்டுப் பாருங்கள். எண் சொல்லத் தயங்கினால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். விசா விண்ணப்பத்துக்கு ஆலோசனை சொல்பவருக்கும் நியூசிலாந்து உரிமம் வேண்டும். உரிமம் உள்ளவர் யார் என்பதையும் இணையத்தில் பார்க்கலாம். அவருடைய வேலைக்கு நியாயமான கட்டணம் கொடுப்பதில் தப்பே இல்லை. வேலையை விற்பவருக்குத்தான் கொடுக்கக்கூடாது. ஐந்து லட்சத்தை வட்டிக்கு வாங்கிக் கட்டிவிட்டு வருபவர் இங்கே எந்த அநியாயத்தையும் எதிர்த்து வாய் திறக்க மாட்டார். ஊரில் கடன் ஏறிக்கொண்டிருக்கும்போது எப்படித் திறப்பார்? அந்த நிலைமையில் தவித்த பையன்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

சம்பளத்துக்கு வருவோம். இங்கே குறைந்தபட்சக் கூலியை மணிக்கு இவ்வளவு என்று அரசு நிர்ணயிக்கிறது, ஏப்ரல் தோறும் அது மாறும். 2025 ஏப்ரல் 1ஆம் தேதி மணிக்கு 23.50 நியூசிலாந்து டாலராக உயர்த்தினார்கள். வாரம் 40 மணி என்றால் 940 டாலர். வரியும் விபத்துக் காப்பீட்டுப் பிடித்தமும் போகக் கைக்கு வருவது சுமார் 780. இது அந்த வருஷத்து அடிமட்டக் கணக்கு. பெரிய வண்டியைத் தனியாக நம்பிக் கொடுக்கக்கூடிய ஓட்டுநருக்கு இதைவிட நன்றாகவே கிடைக்கும். வெளிநாட்டு ஆளானாலும் உள்ளூரில் அந்த வேலைக்குக் கொடுக்கும் விலையைக் கொடுக்க வேண்டும் என்பது விசா விதி. அதனால் ஏஜென்ட் சொன்ன மூன்று லட்சம் முழுப் பொய் இல்லை. ஆனால் அது வரிக்கு முந்தைய கணக்கு, சீசன் உச்சத்தில் இரவு பகலாக ஓட்டும் மாதத்தின் கணக்கு. பன்னிரண்டு மாதமும் அப்படி வராது. எட்டு மணிக்கு மேல் ஓட்டினால் ஒன்றரைப் பங்கு, இரட்டைப் பங்கு என்று ஓவர்டைம் தர வேண்டிய கட்டாயமும் இந்நாட்டுச் சட்டத்தில் கிடையாது. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான் உண்டு. அரசு விடுமுறை நாளில் ஓட்டினால் மட்டும் ஒன்றரை மடங்கு கட்டாயம்.

அப்புறம், இதைக் கவனமாகப் படியுங்கள். நம் ஊரில் சீசனுக்கு முன்னால் கலெக்டர் விவசாயிகளையும் மிஷின் ஓனர்களையும் அழைத்து முத்தரப்புக் கூட்டம் போட்டு, செயின் வண்டிக்கு மணிக்கு இவ்வளவு, டயர் வண்டிக்கு இவ்வளவு என்று வாடகை முடிவு செய்கிறார். விவசாயி ஏமாறாமல் இருக்க அது அவசியம். ஆனால் அந்த வண்டியில் உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு மணிக்கு எவ்வளவு என்று அந்தக் கூட்டங்களில் பேசியதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆத்தூர், தலைவாசல் பக்கமிருந்து வண்டி வரும். புரோக்கர் வயல் பிடிப்பார். டிரைவருக்கு ஒரு தொகையும், அறுத்த மணிக்கு பேட்டாவும். வயல் காயட்டும் என்று காத்திருந்த நேரம், லாரியில் ஏற்றி இறக்கிய நேரம், விடியற்காலையில் கிரீஸ் அடித்த நேரம், ஈர வைக்கோல் சிக்கி அதைப் பிடுங்கி எடுத்த நேரம், இதெல்லாம் யார் கணக்கிலும் வராது. மிஷின் மணிக்குத்தான் காசு, ஆள் மணிக்குக் காசு இல்லை. மீட்டரைப் பார்த்து ஓனர் விவசாயியிடம் வாங்குகிறார், அதே மீட்டரைப் பார்த்து உங்களுக்கும் கொடுக்கிறார்.

இங்கே சட்டம் பேசுவது ஆள் மணியை. காலையில் கொட்டகைக்கு வந்து வண்டியைச் சோதிக்கும் நிமிடத்திலிருந்து, ஒரு பண்ணையிலிருந்து அடுத்த பண்ணைக்கு ரோட்டில் ஓட்டிப்போகும் நேரம், கத்தி மாற்றும் நேரம், கழுவும் நேரம், எல்லாமே வேலை நேரம். எட்டு மணி நேர வேலையில் பத்துப் பத்து நிமிடமாக இரண்டு ஓய்வு சம்பளத்தோடு, அரை மணி சாப்பாட்டு ஓய்வு சம்பளமில்லாமல். ஆனால் சட்டத்தில் இருப்பதெல்லாம் தானாக நடந்துவிடாது. நான் வந்த புதிதில் வேலை செய்த இடத்தில் (பெயர் வேண்டாம்) வண்டியின் மணி மீட்டரை வைத்துத்தான் சம்பளம் போட்டார்கள். ஊர்ப் பழக்கமாதலால் எனக்கு முதலில் வித்தியாசமாகவே படவில்லை. கூட வேலை பார்த்த பிலிப்பைன்ஸ் நண்பர் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுத்தார். எத்தனை மணிக்கு வந்தேன், எத்தனை மணிக்குப் போனேன், எந்தப் பண்ணை, என்ன வேலை என்று தினமும் எழுதினேன். சீசன் நடுவில் அதைக் கொண்டுபோய் வைத்து மரியாதையாகக் கேட்டேன். விடுபட்ட நேரத்துக்கு அடுத்தடுத்த சம்பளத்தில் கொடுத்துவிட்டார்கள். ஒவ்வொருவரின் வேலை நேரத்தையும் சம்பளத்தையும் முதலாளி 6 வருஷம் பதிவாக வைத்திருக்க வேண்டும், கேட்டால் காட்டவும் வேண்டும். அது தெரிந்தவர்கள் வீண் வம்பு வளர்க்க மாட்டார்கள். இருந்தாலும் உங்கள் நோட்டு உங்களிடம் இருக்கட்டும்.

மழை இன்னொரு விஷயம். ஊரில் மழை பிடித்துக்கொண்டால் வண்டி நிற்கும், பேட்டாவும் நிற்கும், கைக்காசில் சாப்பிட வேண்டும். இந்த விசாவில் வருபவருக்கு வாரம் குறைந்தது 30 மணி வேலை என்று ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். மழை நாளில் கொட்டகையில் பழுது பார்க்கச் சொல்வார்கள், அதுவும் சம்பள நேரம்தான். ‘வேலை இருக்கும்போது மட்டும் சம்பளம்’ என்கிற மாதிரி வரி ஒப்பந்தத்தில் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டு வாடகை, சாப்பாடு என்று சம்பளத்தில் பிடிப்பதற்கும் உங்கள் எழுத்துபூர்வமான சம்மதம் தேவை. எவ்வளவு பிடிப்பார்கள், அறையில் எத்தனை பேர் என்பதை வருவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

வேலை உங்களுக்கு வருமா என்றால், வரும். கிளாஸ் (CLAAS) கம்பெனியின் கிராப் டைகர் அறுவடை மிஷின் ஓட்டியவருக்கு அதே கம்பெனியின் பெரிய வண்டி முதல் வாரம் மிரட்டும், இரண்டாம் வாரம் கை பழகிவிடும். சேற்றில் வண்டி இறங்காமல் ஓட்டத் தெரிந்தவர்கள் நாம். சாய்ந்த சம்பாப் பயிரை அடியோடு எடுக்கத் தெரிந்த கைக்கு இங்கே கோதுமையும் பார்லியும் சிரமமே இல்லை. ரோட்டில் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும், நம் ஊர் மாதிரியே. புதிதாகக் கற்க வேண்டியது ஜிபிஎஸ் வழிகாட்டும் திரையும், தீவனப்புல் வெட்டிச் சேர்க்கும் வேலையும்தான். செப்டம்பர், அக்டோபரிலிருந்து அதற்குத்தான் ஆள் அதிகம் தேடுகிறார்கள்.

இடிக்கும் இடம் காகிதம். இரண்டு வருஷ அனுபவத்துக்கு ஆதாரம் கேட்பார்கள். 2025 மார்ச்சுக்கு முன்னால் மூன்று வருஷம் கேட்டார்கள். உங்களுக்கோ சம்பளம் எல்லாம் கையில் ரொக்கம், ஒரு ரசீது கிடையாது. இந்த இடத்தில்தான் ஏஜென்ட் ‘சர்ட்டிபிகேட் நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்பார். வேண்டவே வேண்டாம், பொய்க் காகிதம் பிடிபட்டால் அடுத்த விசாவுக்கும் அது குறுக்கே நிற்கும். இன்றைக்கே உங்கள் ஓனரிடம் போய் எந்த வருஷத்திலிருந்து, எந்த வண்டி, என்ன வேலை என்று கடிதம் கேளுங்கள். இனி சம்பளத்தை வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள், பேட்டாவையும் சேர்த்து. வண்டியின் ஆர்.சி. நகல், நீங்கள் ஓட்டும் வீடியோ, எல்லாம் சேர்த்து வையுங்கள். ஆங்கிலமும் கொஞ்சம் வேண்டும். இந்த மாதிரி வேலைக்கு 2024 ஏப்ரலில் ஆங்கிலத் தேர்வைக் கட்டாயமாக்கினார்கள், ஐஇஎல்டிஎஸ் தேர்வு என்றால் 4.0 மதிப்பெண். ஆறு மாதம் உட்கார்ந்து படித்தால் முடியும். ஆங்கிலம் பரீட்சைக்கு மட்டும் இல்லை, வாக்கிடாக்கியில் ‘நிறுத்து’ என்று சொல்வது புரிய வேண்டும், உயிர் விஷயம்.

அதைச் சொல்லாமல் விட முடியாது. ஊரில் கைலி கட்டிக்கொண்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, டிராக்டர் இன்ஜினிலிருந்து கருவிக்குச் சக்தி கொண்டுபோகும், சுற்றுகிற பிடிஓ தண்டுக்குப் பக்கத்தில் நின்ற காலம் நினைத்தால் இப்போதும் உடம்பு பதறுகிறது. தாழ்வான மின்கம்பியில் வண்டி உரசி ஆள் போன சேதி டெல்டாவில் கேட்காத சீசன் உண்டா? இங்கே 2015ஆம் ஆண்டின் வேலைப் பாதுகாப்புச் சட்டம், ஆபத்தான வேலையைச் செய்ய மாட்டேன் என்று நிறுத்தும் உரிமையை வேலைக்காரருக்கே கொடுத்திருக்கிறது. காதுக்கவசம், பூட்ஸ் போன்ற பாதுகாப்புப் பொருளுக்கு உங்களிடம் காசு பிடிக்கக்கூடாது. அடிபட்டால் யார் தப்பு என்று பார்க்காமல் ஏசிசி என்கிற அரசுக் காப்பீடு வைத்தியத்துக்கு உதவும், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 80 சதவீதம் வரை தரும். ஆனால் தூக்கத்தைச் சட்டம் பார்த்துக்கொள்ளாது. சீசன் உச்சத்தில் பதினான்கு மணி நேரம் ஓட்டச் சொல்கிற இடங்கள் உண்டு. முடியவில்லை என்றால் முடியவில்லை என்று சொல்லுங்கள்.

விசா ஒரே முதலாளியோடு கட்டியது என்பதை மறக்க வேண்டாம். கோபித்துக்கொண்டு மறுநாளே பக்கத்துப் பண்ணைக்குப் போக முடியாது, அனுமதி வாங்கித்தான் மாற வேண்டும். ஏமாற்றினால் லேபர் இன்ஸ்பெக்டரேட் என்கிற அரசுத் தொழிலாளர் ஆய்வுத் துறையில் புகார் செய்யலாம். சுரண்டல் உறுதியானால் வேறு வேலை தேட 6 மாத விசா ஒன்று இருக்கிறது. புகார் செய்ததற்காக நாட்டைவிட்டு அனுப்பிவிடுவார்கள் என்று யாராவது மிரட்டினால் அந்த மிரட்டலையும் நோட்டில் எழுதுங்கள்.

வீட்டில் பேச வேண்டியது ஒன்று உண்டு. இங்கே தானிய அறுவடை ஜனவரி முதல் மார்ச் வரை. பொங்கலுக்கும் சம்பா அறுப்புக்கும் ஊரில் இருக்க முடியாது. குறுவை அறுப்பு நேரத்தில் இங்கே புல் வெட்டு தொடங்கிவிடும். ஊரில் நல்ல வருமானம் வரும் சீசனை விட்டுவிட்டுத்தான் வர வேண்டும், அதையும் சம்பளக் கணக்கில் கழித்துப் பாருங்கள். குடும்பத்தை உடனே கூட்டிக்கொண்டு போகலாம் என்று ஏஜென்ட் சொன்னால் நம்பாதீர்கள். அது உங்கள் வேலையின் நிலையையும் சம்பளத்தையும் பொறுத்தது.

வராமல் ஊரிலேயே இருப்பதானாலும் நான் சொன்னதில் பாதியை அங்கேயே கேட்கலாம். இயந்திரம் கொண்டு செய்யும் விவசாய வேலை 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையிலேயே இருந்தது; 2025 நவம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்துக்குச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்தது. விபத்துக்கு ஓனர் பொறுப்பு என்பது பல டிரைவர்களுக்குத் தெரியாது. உங்களைப் போல நாலைந்து கைதேர்ந்த டிரைவர்கள் சேர்ந்து, காத்திருக்கும் நேரத்துக்கும் ஒரு தொகை, இரவு ஓட்டினால் மறுநாள் காலை ஓய்வு என்று சீசன் தொடங்குமுன் பேசினால் எந்த ஓனரும் வண்டியைச் சும்மா நிறுத்திவைக்க மாட்டார். நல்ல ஆள் கிடைக்காமல் திண்டாடுவது அவர்கள்தான்.

ஒப்பந்தம் கைக்கு வந்தால் கையெழுத்துப் போடுமுன் எனக்கு அனுப்புங்கள். வேலை நேரம், பிடித்தம், தங்குமிடம், இந்த மூன்று பக்கமும் முழுசாக இருக்கட்டும், படித்துவிட்டுச் சொல்கிறேன். அதுவரை ஏஜென்டுக்கு அட்வான்ஸ்கூடக் கொடுக்க வேண்டாம்.